கம்பத்தில் தீ அணைந்த இரவுகளைக் குறித்து வையுங்கள்

கடிதத்தின் சுருக்கம்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டுக்கு வடகிழக்கே, வயல்களைத் தாண்டி ஏறக்குறைய 400 மீட்டரில், கிணறுகளிலிருந்து வரும் எரிவாயுவையும் கச்சா எண்ணெயையும் சேகரிக்கும் நிலையம் இருக்கிறது. மிஞ்சும் வாயுவை எரிக்க, உயரமான கம்பத்தில் பெரும்பாலும் தீ எரிந்துகொண்டே இருக்கும். நான்கு எண்ணெய்த் தொட்டிகள், ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர், விடியற்காலையில் வந்து நிற்கும் டேங்கர் லாரிகள். மார்கழி, தை மாதங்களில் கோலம் போட வாசலுக்கு வந்தாலே மண்ணெண்ணெய் போல ஒரு வாடை, பிறகு தலைவலி. ஏழு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது.

உறவினர் ஒருவர் மூலம் அந்த நிலையத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை கிடைத்திருக்கிறது. அதில் ஓர் அட்டவணை: நைட்ரஜன் ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்று ஒவ்வொன்றுக்கும் வினாடிக்கு இத்தனை கிராம், இரண்டு தசம இடம் வரை. கீழே, 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்று ஒரு வரி. சந்தேகம் தீராமல் ஆன்லைனில் பிஎம் 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்துகளின் அளவைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அது சில நாள் 30, சில நாள் 90 என்று காட்டுகிறது.

அவர் கேட்பது மூன்று. அந்த எண்களை உண்மையிலேயே கருவி வைத்து அளந்தார்களா, இல்லை பொய்யா? 2020இல் டெல்டா வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் இந்த நிலையம் எப்படி ஓடுகிறது? அண்ணன் உடனே பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடச் சொல்கிறார், போடலாமா?

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: "சில ராத்திரி தீ அணைந்திருக்கும். உஸ்ஸென்று சத்தம் மட்டும் கேட்கும். அன்றைக்குத்தான் வெளிச்சமில்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறோம்."

சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருவதற்கு முன், அட்டவணை எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது புரிந்தால்தான் அந்த இரவுகளின் கனம் உங்களுக்குத் தெரியும்.

அந்த எண்களை யாரும் அளக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவை ஒரு பெருக்கல் கணக்கின் விடைகள். காற்று மாசுக் கணக்கு எழுதுவதே என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி அட்டவணைகளைப் போட்டிருக்கிறேன், மற்றவர்கள் போட்டதைச் சரிபார்த்தும் இருக்கிறேன். 30 மீட்டர் உயரத்தில் எரியும் தீக்குள் கருவியை நீட்டி அளக்க முடியாது. நூற்றுக்கணக்கான வால்வுகளில் ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் கசிகிறது என்று தினமும் பார்க்கவும் முடியாது. அதனால் உலகம் முழுக்கச் செய்வது இதுதான்: எவ்வளவு வேலை நடந்தது என்று ஓர் எண், அந்த வேலையில் ஒரு அலகுக்கு எவ்வளவு மாசு வரும் என்று இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் விடை. இரண்டாவது எண்ணுக்கு 'உமிழ்வுக் காரணி' என்று பெயர்.

காரணிகளுக்கு ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. ஏபி-42 என்று பெயர். அமெரிக்காவில் 1968இல் முதலில் வெளிவந்தது, இப்போது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைப் பராமரிக்கிறது. நம் நாட்டு அறிக்கைகளிலும் அடிக்கடி அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்தத் தொகுப்பின் முன்னுரையே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: இவை சராசரிகள், ஏறக்குறைய பாதி இடங்களில் உண்மை அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கும், ஒரு குறிப்பிட்ட ஆலை விதிக்கு உட்பட்டு நடக்கிறதா என்று தீர்மானிக்க இவற்றைப் பயன்படுத்துவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. இந்த எச்சரிக்கை நம் அறிக்கைகளுக்குள் வந்து சேர்வதே இல்லை. எண் மட்டும் வருகிறது, இரண்டு தசம இடத்தோடு. அந்தத் தசம இடங்களைப் பார்த்துத்தான் 'மிஷின் வைத்து அளந்திருக்கிறார்கள்' என்று நீங்கள் நினைத்தீர்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஒரு கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்

உங்கள் நிலையத்தில் எவ்வளவு வாயு எரிகிறது என்று எனக்குத் தெரியாது. உதாரணத்துக்கு, கம்பத்துக்கு ஒரு நாளைக்கு 10,000 கன மீட்டர் வாயு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 38 மெகாஜூல் வெப்பம். ஆக மொத்தம் 3,80,000 மெகாஜூல். ஏபி-42இன்படி ஒரு மெகாஜூலுக்கு ஏறத்தாழ 0.029 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு. பெருக்கினால் நாளுக்கு 11 கிலோ. இவ்வளவுதான் வித்தை. பத்தாவது படிக்கும் பிள்ளை போட்டுவிடும்.

இப்போது இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனைப் பார்ப்போம். அந்த வாயுவில் பத்தில் ஒன்பது பங்கு மீத்தேன் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 6,120 கிலோ மீத்தேன் கம்பத்துக்குப் போகிறது. கம்பத்துத் தீ அதில் 98 சதவீதத்தை எரித்துவிடும் என்பது பல காலமாகக் கணக்குகளில் புழங்கும் அனுமானம். அப்படியானால் எரியாமல் தப்புவது 122 கிலோ. ஆனால் 2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஒரு களஆய்வில், அமெரிக்காவின் மூன்று பெரிய எண்ணெய் வயல்களுக்கு மேல் விமானத்தில் பறந்து அளந்து பார்த்தார்கள். அணைந்து கிடந்த கம்பங்களையும் அரைகுறையாக எரிந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மீத்தேன் அழிந்தது 91.1 சதவீதம்தான். அந்த எண்ணைப் போட்டால் தப்புவது 545 கிலோ. வாயு அதே வாயு, கம்பமும் அதே கம்பம். ஒரே ஓர் அனுமானம் மாறியதில் விடை நாலரை மடங்காகிவிட்டது.

சல்ஃபர் கணக்கு வேறு மாதிரி. உள்ளே போகும் கந்தகம் எரிந்து அப்படியே வெளியே வந்தாக வேண்டும், மாயமாகாது. வாயுவில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயு) இருந்தால், இந்த 10,000 கன மீட்டரிலிருந்து ஏறக்குறைய 2.7 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு வரும். இந்த எண்ணை நம்பலாம், வாயுவைப் பரிசோதித்த சீட்டு புதிதாக இருந்தால். பழைய கிணற்றின் சீட்டை வைத்துப் புதிய கிணற்றுக்குக் கணக்குப் போட்டிருந்தால் நம்ப முடியாது.

தீ இல்லாத இரவு

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். தீ இல்லாவிட்டால் மாசும் இல்லை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறீர்கள். கண்ணை உறுத்தும் அந்த வெளிச்சம் போனாலே நிம்மதிதான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உண்மை தலைகீழ்.

தீ அணைந்திருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அன்றைக்குக் கம்பத்துக்கு வாயுவே போகவில்லை. அது நல்ல விஷயம். மற்றொன்று, வாயு போய்க்கொண்டிருக்கிறது, பற்றவைக்கும் சிறு தீ அணைந்துவிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நீங்கள் எழுதிய அந்த 'உஸ்' சத்தம்தான். சத்தம் கேட்கிறது, தீ இல்லை என்றால், வாயு எரியாமல் அப்படியே ஊர்மேல் கலந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட முழுக் காரணம் உண்டு. நம் உதாரணக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 255 கிலோ மீத்தேன். ஒழுங்காக எரியும் தீயிலிருந்து இரண்டு நாளில் தப்புவதைவிட இது அதிகம். மீத்தேனோடு சேர்ந்து பென்சீன் போன்ற நச்சு ஆவிகளும், கந்தகம் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் எரியாமலே வெளியே வரும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் எண்ணெய் துரப்பணம், எரிவாயு எடுப்புத் தொழிலுக்கு 1996இல் அறிவித்த தரங்களில், வாயுவை எரிக்காமல் திறந்துவிடுவது ஒருபோதும் கூடாது, எல்லாவற்றையும் எரித்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. கம்பம் குறைந்தது 30 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. பக்கத்துப் பயிர் பாதிக்கப்பட்டால் உயரக் கம்பத்துக்குப் பதில் தரைமட்டத்தில் எரிக்கலாம். அப்போது குறைந்தது 5 மீட்டர் உயரத்தில் தீச்செங்கல் சுவர் எழுப்ப வேண்டும்.

ஆகவே உங்களிடம் இருக்கும் வலுவான சான்று அந்தச் சின்னக் கருவியின் எண்கள் அல்ல, அறிக்கையின் அட்டவணையும் அல்ல. தீ அணைந்து சத்தம் மட்டும் கேட்ட இரவுகளின் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். வீட்டு மாடியில் ஒரே இடத்தில் நின்று கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள், சத்தமும் பதிவாகட்டும். வேலிக்கு அருகே போகவே வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வீடியோவை விட்டுவிட்டுக் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய்விடுங்கள். அடுப்பு, பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. அந்த நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும்.

விடியற்காலை வாடை கம்பத்திலிருந்து வருவதல்ல

கடிதத்தில் பாதி அந்தத் தீயைப் பற்றித்தான். உங்கள் வாசலுக்கு வரும் வாடைக்கு அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். மீத்தேனுக்கு வாடையே கிடையாது. வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றம்கூடக் கசிவைக் கண்டுபிடிக்கவென்று கலந்த மருந்தின் நாற்றம். உயரத்தில் எரியும் தீயின் புகை சூட்டால் மேலே எழும்பும். மார்கழி விடியலில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மூடி போட்ட பாத்திரம் மாதிரி அசையாமல் கிடக்கும்போது, அந்தப் புகை மேலேயே நின்றுவிடும். கீழே வெளியாவதுதான் கீழேயே தவழ்ந்து வரும். கீழே வெளியாவது எது? தொட்டிகளும் லாரி நிரப்பும் இடமும்தான். கச்சா எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனம்.

கிணற்றிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் சாதாரணத் தொட்டிக்குள் விழும்போது, கோலி சோடாவை உடைத்த மாதிரி, கரைந்திருந்த வாயு பொங்கி வெளியே வரும். தொட்டி நிரம்ப நிரம்ப மேலே இருக்கும் ஆவியும் வெளியே தள்ளப்படும். லாரி நிரப்பும்போதும் இதே கதை. குழாயை லாரித் தொட்டியின் அடிவரை இறக்கி நிரப்பினால் கணக்கில் போடும் காரணி 0.6. மேலேயிருந்து சளசளவென்று ஊற்றினால் 1.45. அதே எண்ணெய், அதே லாரி, இரண்டு மடங்குக்கு மேல் ஆவி. உங்கள் வாடை லாரி வரும் நேரத்தோடு ஒத்துப்போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் எந்தக் காரணியைப் போட்டிருக்கிறார்கள், நிஜத்தில் எப்படி நிரப்புகிறார்கள் என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலையத்தில் (இடம் வேண்டாம்) வால்வு எண்ண அனுப்பினார்கள். ஒரு கையில் வரைபடம், மறு கையில் சோப்புத் தண்ணீர் பாட்டில். வாயு வால்வு ஒன்றுக்கு மணிக்கு 4.5 கிராம் என்பது அப்போதைய காரணி, இப்போதும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. வரிசையாகத் தெளித்துக்கொண்டே போனேன், பெரும்பாலானவற்றில் ஒரு குமிழிகூட வரவில்லை. மத்தியானம் தொட்டி மேல் ஏறினேன். அளவு பார்க்கும் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. சோப்புத் தண்ணீரே தேவைப்படவில்லை; மூடியைச் சுற்றிக் கானல் மாதிரிக் காற்று நெளிந்தது. கீழே இருந்த அத்தனை வால்வுகளின் கணக்கையும் அந்த ஒரு மூடி தோற்கடித்திருக்கும். நான் பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. பிற்பாடு, 2016இல், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் மொத்தக் கசிவில் பாதிக்கு மேல் வெறும் 5 சதவீதக் கசிவிடங்களிலிருந்து வருகிறது என்று கண்டார்கள். சராசரிக் கணக்கு தவறவிடுவது இந்த மாதிரி இடங்களைத்தான். அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் தொழில் முழுவதையும் களத்தில் அளந்து 2018இல் வெளிவந்த கணிப்பு, அரசுக் கணக்கைவிட மீத்தேன் 60 சதவீதம் அதிகம் என்றது. ஒரு பெரிய காரணம் இதே வகைக் கசிவுகள்.

ஜெனரேட்டரையும் மறக்காதீர்கள். அது ஒரு நாளைக்கு 250 லிட்டர் டீசல் குடிக்கிறது என்றால், பழைய, கட்டுப்பாடில்லாத எஞ்சினுக்கான காரணியின்படி 18 கிலோ நைட்ரஜன் ஆக்சைடு. மேலே கம்பத்துக்குப் போட்ட கணக்கில் வந்தது 11 கிலோ. ஊரே பயந்து பார்க்கும் அந்தத் தீயைவிட, யாரும் திரும்பிப் பார்க்காத ஜெனரேட்டர் அதிகம் தருகிறது. அதுவும் தாழ்வான புகைக்குழாயில், உங்கள் மூக்கு மட்டத்துக்குப் பக்கத்தில்.

அறிக்கை எந்தப் பருவத்தில் எடுத்தது?

நீங்கள் அனுப்பிய பக்கத்தின் ஓரத்தில் மார்ச் முதல் மே வரை என்று இருக்கிறது. மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத்தில் தரவு எடுத்தால் போதும் என்பது நடைமுறை; அதில் தவறு காண முடியாது. ஆனால் அந்த மாதங்களில் டெல்டாவில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கும். மாசு வடக்கே, வடமேற்கே போகும். உங்கள் வீடு நிலையத்துக்குத் தென்மேற்கே. உங்களுக்கு மாசு வருவது வடகிழக்குக் காற்றில், ஐப்பசியிலிருந்து தை வரை. அதாவது, நீங்கள் அதிகம் பாதிக்கப்படும் மாதங்கள் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. 'அளவுக்குள் உள்ளது' என்ற வரி உங்கள் வாசலைப் பற்றிச் சொல்லப்பட்டதல்ல.

சின்னக் கருவி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அது துகள்மேல் ஒளியைப் பாய்ச்சி எண்ணுகிறது. பனி, ஈரம் அதிகமான விடியலில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, எண் கூடித் தெரியும். வைக்கோல் கொளுத்தினாலும் கூடும். பென்சீனையோ நைட்ரஜன் ஆக்சைடையோ எண்ணெய் ஆவியையோ அது பார்க்காது. எனவே 30 காட்டினால் நிலையம் நிரபராதி என்றோ, 90 காட்டினால் குற்றவாளி என்றோ சொல்ல முடியாது. போகிப் பண்டிகை அன்று அது காட்டும் எண்ணைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வும் துரப்பணமும் எடுப்பும் தொடங்குவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றை அது மூடச் சொல்லவில்லை. உங்கள் நிலையம் அதற்கு முந்தையது. ஆகவே 'சட்டவிரோதமாக ஓடுகிறது' என்று மனுவில் எழுதாதீர்கள். முதல் வரியிலேயே உங்கள் மனு பலவீனமாகிவிடும். அதே வளாகத்தில் புதிதாகக் கிணறு தோண்டினால் அது வேறு கேள்வி.

அண்ணன் சொல்லும் வழக்கைப் பற்றி. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம். மற்றச் சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் கூடுதலாக 60 நாள். இந்தக் காலக்கெடு உங்கள் விஷயத்தில் எப்போதிலிருந்து ஓடுகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் இன்றைக்குக் கையில் இருப்பதை வைத்து, மகனின் இளைப்புக்கு நஷ்டஈடு கேட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. உமிழ்வுக் கணக்கு ஓர் ஆலை எவ்வளவு விடுகிறது என்று சொல்லும். ஒரு குழந்தையின் நெஞ்சில் என்ன ஆனது என்று சொல்லாது. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான். இளைப்புக்கு வைக்கோல் புகை முதல் வீட்டுக் கொசுவத்தி வரை பத்துக் காரணம் சொல்வார்கள். மகனை நெஞ்சக மருத்துவரிடம் காட்டும்போது, எந்த மாதம், எந்த நேரத்தில் அதிகமாகிறது என்று சொல்லி, அதை மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் அவன் மூச்சுக்கு உதவும், பிறகு வழக்குக்கும் உதவும்.

பென்சீனை அளக்கச் சொல்லி மனு கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டுத் தரத்தில், 2009 அறிவிக்கையின்படி, பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி மட்டும்தான்: கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரி என்றால் குறைந்தது 104 அளவீடு. ஒரு நாள் வந்து அளந்துவிட்டு 'தரத்துக்குள்' என்று யார் சொன்னாலும், அது நமக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், அந்த ஒப்பீடு நிற்காது. ஆகவே வடகிழக்குக் காற்றுக் காலத்தில், லாரி நிரப்பும் நேரத்தையும் சேர்த்து, பல நாள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது

'எவ்வளவு மாசு?' என்று கேட்டால் அதே அட்டவணையைத்தான் மறுபடி அனுப்புவார்கள். பெருக்கிய இரண்டு எண்களையும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். நிலையம் பொதுத்துறை நிறுவனத்துடையது என்றால் அதன் தகவல் அலுவலருக்கே தனியாக ஒன்று. தனியார் என்றாலும் வாரியத்திடம் இருக்கும் அவர்களது ஆவணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மனுவில் இவை இருக்கட்டும்:

- காற்றுச் சட்டத்தின் கீழ் நிலையத்தை நடத்த வாரியம் கொடுத்த இசைவாணையும் அதன் நிபந்தனைகளும்.
- சுற்றுச்சூழல் அனுமதிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் இணக்க அறிக்கைகள், கடந்த மூன்று வருடத்துக்கு. ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 30க்குள் கொடுக்கும் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கையான படிவம் 5ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.
- கம்பத்துக்குப் போன வாயுவின் அளவு, மாதவாரியாக. அது மீட்டரில் பார்த்ததா, மதிப்பிட்டதா. பற்றவைக்கும் தீ அணைந்த நேரங்களின் பதிவேடு.
- அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்கும் எடுத்த உமிழ்வுக் காரணி, எரியும் திறன் எத்தனை சதவீதம் என்று வைத்தார்கள், வாயுப் பரிசோதனைச் சீட்டின் தேதி.
- தொட்டி ஆவியும் லாரி நிரப்பும் ஆவியும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்திருந்தால் எந்த நிரப்பு முறை.

30 நாளில் பதில் வர வேண்டும். 'வணிக ரகசியம்' என்று சிலவற்றை மறுக்கக்கூடும். அந்த விலக்குக்கு மேலாகப் பொதுநலன் நிற்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், கோபப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

பதிவேட்டில் 'தீ அணையவே இல்லை' என்று எழுதியிருந்து, உங்கள் வீடியோவில் அதே தேதியில் தீ இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் முன்னால் வைக்க உங்களிடம் கணக்கே தேவைப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் தீர்ப்பாயம் வரை போகாமலேயே சில காரியங்கள் நடக்கும்: தானாகப் பற்றவைக்கும் கருவி பொருத்துவது, தொட்டி மூடி ரப்பரை மாற்றுவது, லாரித் தொட்டியின் அடிவரை இறங்கும் நிரப்புக்குழாய் போடுவது, நிரப்பும் நேரத்தை விடியலிலிருந்து வெயிலேறிய பிறகுக்கு மாற்றுவது. எல்லாமே செலவு குறைந்த வேலைகள். உங்கள் வாசலில் அவற்றின் வித்தியாசம் நஷ்டஈட்டைவிடச் சீக்கிரம் தெரியும்.

இப்போது புரட்டாசி. காற்று திரும்ப இன்னும் சில வாரம் இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், தீ உண்டா இல்லையா, சத்தம், வாடை, லாரி நின்றதா, காற்று எந்தப் பக்கம், மகனுக்கு இளைப்பு இருந்ததா என்று எட்டுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாடை இல்லாத நாளையும் எழுதுங்கள். கெட்ட நாளை மட்டும் எழுதிய நோட்டை யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் தனியாக ஒன்று எழுதினால் இன்னும் நல்லது, இருவரும் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டாம். தகவல் மனுவுக்குப் பதில் வந்ததும் அந்த அட்டவணைப் பக்கங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். வரி வரியாகப் பெருக்கிப் பார்த்து, எந்த எண் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று எழுதித் தருகிறேன்.